வால்வு மாமாவின் இரண்டு தொட்டிகள்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தவறு. எங்கள் மலையில் வால்வு மாமா சம்மதித்தால் ஓடும். அவர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு பெரிய மேடாக இருந்தாலும் தண்ணீர் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருக்கும்.

ஆனைக்கரையிலிருந்து கம்பம்மெட்டுக்குப் போகும் வழியில், கேரளப் பக்கத்துச் சரிவு ஒன்றில் எங்கள் ஏலத்தோட்டம். ஆபீஸில் நான் ரைட்டர். காலையில் ஆட்களின் பெயர் கூப்பிட்டு மஸ்டர் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால், அரசாங்கமும் கம்பெனிகளும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பும் எல்லாக் காகிதங்களையும் வாசித்துச் சொல்லும் வேலையும் எனக்கே. மாத்திரை அட்டை, கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஒரு முறை ஷாம்பூ பாக்கெட்டின் பின்பக்கம்.

மாமாவுக்கு மஸ்டரில் ஒரு பெயர் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயரை நான் சத்தமாகக் கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மாமாவும் திரும்பிப் பார்த்து, "யாருப்பா அது, புது ஆளா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். மறுநாளிலிருந்து நானும் "வால்வு மாமா" என்றே கூப்பிட்டேன். "வந்தாச்சு மாப்ள" என்று பதில் வந்தது.

தோட்டத்தின் உச்சியில் படுதா விரித்த குளம். அதிலிருந்து கிளை கிளையாகப் பிரிந்து, மண்ணுக்கு அடியிலும் மேலுமாக, ஏலச்செடிகளுக்குப் போகும் குழாய்கள். அவற்றுக்கு வரைபடம் கிடையாது. மாமாதான் வரைபடம். அவர் செருப்புப் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஓஸ் குழாய் மேல் வெறுங்காலை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்ப்பதுபோல் நிற்பார். "மூணாவது வளைவுல மண்ணு கட்டியிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் கட்டியிருக்கும்.

ஒரு முறை கசிவைக் கண்டுபிடிக்கக் கொச்சியிலிருந்து ஓர் இன்ஜினியர் மிஷினோடு வந்தார். காதில் ஹெட்போன் மாட்டி மூன்று மணி நேரம் மலையைக் கேட்டார். மலை ஒன்றும் சொல்லவில்லை. மாமா பின்னாலேயே கைகட்டி நடந்து வந்தவர், ஓர் இடத்தில் நின்று, "இங்கிட்டுத் தோண்டுங்க" என்றார். தோண்டினோம். பீய்ச்சியடித்ததில் இன்ஜினியரின் ஹெட்போன் நனைந்தது.

"எங்ஙனே மனசிலாயி சேட்டா?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"கால்ல கூச்சம் வந்துச்சு சார்."

மனிதர்களையும் அவர் இதே கணக்கில்தான் எடைபோடுவார். மேனேஜரைப் பற்றி: "பிரஷர் நல்லாத்தான் இருக்கு, டெலிவரிதான் இல்ல." சூப்பர்வைசரைப் பற்றி: "அந்தாளு புட்வால்வு லீக்கு மாப்ள. காலையில ஏத்துனது மத்தியானத்துக்குள்ள இறங்கிரும்." என்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கேட்டதற்கு, "உனக்கு இன்னும் கனெக்சனே குடுக்கலையேப்பா" என்றார். எனக்குக் கல்யாணம் ஆகாததைச் சொன்னாரா, மூளையைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவரைப் பற்றி லயத்தில் ஒரு மர்மம் உலவியது. அவருடைய வயிறு.

காலையில் மஸ்டருக்கு வரும்போது மாமாவுக்கு இடது பக்கம் சாய்ந்த ஒரு தொந்தி இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது அது வற்றியிருக்கும். ஒருநாள் இருநாள் இல்லை, தினமும். ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் இதைக் கட்சி பிரித்து விவாதித்தார்கள். ராத்திரி பூராக் குடிக்கிறார் என்றது ஒரு கட்சி. பகலில் விரதம் இருக்கிறார் என்றது இன்னொரு கட்சி. போதாக்குறைக்கு, மருந்தடிக்கிறவர்கள் போடும் முழங்கால் வரை தொங்கும் ரெக்சின் கோட்டை மாமா சித்திரை வெயிலிலும் கழற்றுவதில்லை. அது மட்டுமா? நாலு வருஷமாக லயத்து வீட்டில் படுப்பதும் இல்லை. குளத்துக்குக் கீழே இருக்கிற மோட்டார் ரூமில்தான் ஜாகை. கேட்டால், "தண்ணிய நம்பி விட்டுட்டு வர முடியாது" என்பார்.

அவருடைய வீட்டுக்காரி பாண்டியம்மா இந்த விளக்கத்தை மூன்று வருஷம் நம்பினாள். நாலாவது வருஷம் ஒரு வியாழக்கிழமை, காய் எடுத்த கையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு மனு எழுதணும்."

"யாருக்குக்கா?"

"மேனேஜருக்கு, யூனியனுக்கு, எவன் கேப்பானோ அவனுக்கு. எம் புருசன் மோட்டார் ரூம்ல எவளையோ வச்சிருக்காருன்னு எழுது."

"யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா உங்கிட்ட ஏன் வாரேன்? அவகிட்டல்ல போயிருப்பேன்!" சாக்கைக் கீழே போட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழம கம்பத்துல இருந்து எங்கண்ணன் ஜீப்பு எடுத்துட்டு வாரான். நான் பொட்டியக் கட்டியாச்சு. போறதுக்கு முன்னாடி எழுத்துல வச்சுட்டுப் போறேன். நாள பின்ன நாந்தான் விட்டுட்டு ஓடிட்டேன்னு ஒரு பய சொல்லக்கூடாது."

எழுதினேன். 'மேற்படி மோட்டார் அறையில் மேற்படி நபர் மேற்படி பெண்மணியுடன்' என்று நன்றாகவே வந்தது. மேற்படி பெண்மணியின் பெயருக்கு மட்டும் காலியிடம் விட்டேன். ஆனால் சரிபார்க்காத விஷயத்தில் என் கையெழுத்து இருக்கக்கூடாது என்பதில் நான் கறார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஏறினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன்.

உள்ளே பெண்மணி யாரும் இல்லை. மாமா தலைகீழாக இருந்தார். ஏறக்குறைய. மோட்டார் வைத்த சிமெண்டுத் திட்டிலிருந்து வாசலை நோக்கி இரண்டு பலகைகளைச் சரிவாகப் போட்டு, கால் மேட்டிலும் தலை பள்ளத்திலுமாக மல்லாந்து படுத்திருந்தார். என் செருப்பு அவர் நெற்றியில் இடித்தது.

"கதவ மூடு மாப்ள. கூச்சமாருக்கு."

மூடினேன். அவரைக் குனிந்து பார்த்துப் பேசுவதா, நானும் தலையைச் சாய்ப்பதா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாண்டியம்மா சொன்னதைச் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே மாமா, இந்த மலையில் யாருக்கும் சொல்லாத விஷயத்தை எனக்குச் சொன்னார். அதையும் தன் பாஷையிலேயே சொன்னார்.

"கீழ ஒரு தொட்டி வீங்கிப் போச்சு. நாலு வருசமாச்சு. ஓதத் தண்ணி எறங்கியிருக்குன்னு நெனச்சேன். சரிவுல படுத்தா தண்ணி திரும்பிப் போயிரும்ல? போச்சு. ஆனா எங்க போச்சுன்னு பாத்தா, வயித்துக்குள்ள மேல ஒரு தொட்டி ரொம்பியிருக்கு. பகல்ல நடந்தா அது வடிஞ்சு கீழ வந்துருது. ரெண்டுக்கும் நடுவுல லைன் இருக்கு மாப்ள. நான் காலால மிதிச்சு எத்தன லைன் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"டாக்டர்கிட்டப் போனா என்ன மாமா?"

"போயி? அவிழ்த்துக் காட்டவா?"

"அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

மலையளவு தண்ணீரைத் திருப்பிவிடத் தெரிந்த மனிதர், பலகையில் தலைகீழாகக் கிடந்து காது சிவந்தார்.

நான் படித்தவன் அல்லவா, போனை எடுத்துத் தேடினேன். ஒரு வைத்தியக் கட்டுரை கிடைத்தது. விரைவீக்கத்தின் பை மேலே வளர்ந்து, தொடையிடுக்கு வழியாக வயிற்றுக்குள் ஏறி, இரண்டு அறையாக நிற்பதும் உண்டாம். சின்னக் குழந்தைகளுக்கே எப்போதாவதுதான் வருமாம், பெரியவர்களுக்கு வருவது அதைவிட அபூர்வமாம். வாசித்துத் தமிழில் சொன்னேன். 'அபூர்வம்' என்றதும் மாமா பலகையிலிருந்து கொஞ்சம் எழுந்தார்.

"எம்புட்டு அபூர்வம்?"

"ரொம்ப."

"அப்ப போலாம்" என்றார்.

மோட்டாருக்கு வாஷர் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை இருவரும் பஸ் ஏறினோம். அரசாங்க ஆஸ்பத்திரி. ஓ.பி.யில் கண்ணாடி போட்ட இளம் டாக்டர், திரைக்குப் பின்னால் அரை நிமிஷம் பார்த்தார். "கீழே ஹைட்ரோசீல். அது சாதாரணம், சின்ன ஆபரேஷன். வயிறு வேற கேஸ். குடி உண்டோ? லிவர் நோக்கணும். அது வேற டிபார்ட்மெண்ட்" என்று இரண்டு சீட்டு எழுதத் தொடங்கினார்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! குடிக்கிறார் என்று சொன்னதற்கல்ல. லைனைப் பிரித்ததற்கு.

"சார், பேனாவக் கீழ வைங்க. ரெண்டும் ஒரே லைன்."

"சேட்டா, ஞானோ டாக்டர், நிங்ஙளோ?"

"டாக்டர் நீங்கதான். லைன் என்னுது. கையக் குடுங்க." டாக்டரின் இடது கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். "இப்ப நான் கீழ அமுக்குறேன். மேல என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

அமுக்கினார். வயிற்றின் மேல் இருந்த டாக்டரின் கை மெல்ல உயர்ந்தது. விட்டார். இறங்கியது. மறுபடி அமுக்கினார். உயர்ந்தது. டாக்டர் தன் கையையே ஒரு வினோதப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுதிய சீட்டு இரண்டையும் கிழித்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று எழுந்து ஓடினார். திரும்பி வரும்போது பெரிய சர்ஜனை அழைத்து வந்தார்.

பெரிய சர்ஜன் ஓர் அம்மா.

சொந்த மனைவியிடம் நாலு வருஷம் மறைத்த விஷயத்தை ஓர் அம்மாவிடம் எப்படிக் காட்டப்போகிறார்? ஆனால் அந்த அம்மா வந்ததும் வராததுமாக, "லைன் எந்த வழி போகுதுன்னு சொல்லுங்க" என்று தமிழில் கேட்டுவிட்டார். அவ்வளவுதான். கூச்சம் போன இடம் தெரியவில்லை. மாமா ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்து, 'தண்ணிதான்' என்றார் டாக்டரம்மா. "நான் அப்பவே சொன்னேன்" என்றார் மாமா.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டி, காகிதத்தில் ஓர் உடுக்கை வரைந்தார். "பை இப்படி இருக்கு. மேல ஒரு உருண்டை, கீழ ஒரு உருண்டை, நடுவுல இடுப்பு. கீழ மட்டும் வெட்டினா மறுபடி நிறைஞ்சு வரும். தொடையிடுக்குல திறந்து, மேலயும் கீழயும் முழுப் பையையும் எடுக்கணும்." பேனாவால் வேறோர் இடத்தைத் தொட்டார். "இதைப் பாருங்க. மேல உள்ள உருண்டை, கிட்னியில இருந்து மூத்திரம் வர்ற குழாயை நெரிக்குது. இடது கிட்னி வீங்கத் தொடங்கியாச்சு. இனி தள்ளிப்போட்டா அது கெட்டுப்போகும். நாளைக்கே வந்து அட்மிட் ஆகணும்."

மாமா படத்தைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் நாலு வருஷ ஊகம் அச்சாகி வந்த பெருமை ஒரு பக்கம். நெரிபடுகிற இன்னொரு லைனைத் தன் கால் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டதே என்ற அவமானம் மறுபக்கம்.

"சரி. செஞ்சிருங்க" என்றார்.

"சம்மதபத்திரத்தில வீட்டுக்காரி ஒப்பு வேணும், கையெழுத்து. ஆபரேஷன் முடிஞ்சு கூட நிக்கணும்."

"இந்தத் தம்பி நிப்பான். படிச்ச பய."

"படிப்பு வேண்டா. பார்யை வேணும்" என்றார் டாக்டரம்மா.

இருவரும் பஸ் ஏறித் திரும்பினோம். அந்த ஒப்புக்காரி மறுநாள் காலை கம்பத்துக்குப் பயணம் என்பது இருவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பம்மெட்டு ஜங்ஷனில், பஸ் நிற்கும் இடத்தில், பாண்டியம்மா தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஜீப்பின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாரம் பூரா கம்பத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருகிற ஜீப். இன்றைக்கு ஒரே ஓர் ஆளை இறக்கிப்போக வந்திருந்தது. மாமா ரெக்சின் கோட்டோடு போய் முன்னால் நின்றார். நான் இரண்டடி பின்னால்.

"பாண்டி."

அவள் மலையைப் பார்த்தாள்.

"பாண்டி, மேல ஒரு தொட்டி இருக்கு. கீழ ஒரு தொட்டி இருக்கு. நடுவுல ஒரு லைன்."

அண்ணன் துணியை உதறினான். "ஏன் மச்சான், இப்பவும் மோட்டார்க் கதைதானா? வீட்டுக்காரி பொட்டியோட உக்காந்திருக்கா!"

"தண்ணி அதுக்கும் இதுக்கும் போயிட்டுப் போயிட்டு வருது. இப்ப மேல் தொட்டி கிட்னி லைன நெரிக்குது."

"எந்த எஸ்டேட்டுல கிட்னி லைன் போட்டிருக்காக?" என்று அண்ணன் என்னைக் கேட்டான்.

பாண்டியம்மா திரும்பினாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள். காலை நேரத்துத் தொந்தியைப் பார்த்தாள். ஸ்டோரில் இரண்டு கட்சிகள் நாலு வருஷம் பேசியும் தீராத கேள்வி, அந்த ஒரு பார்வையில் தீர்ந்துபோனதை நான் கண்ணால் கண்டேன்.

"எம்புட்டு நாளா?"

"நாலு வருசம்."

"அதான் மோட்டார் ரூமுக்குப் போனியாக்கும்?"

"வீட்ல தரை மட்டமாக் கெடக்கு பாண்டி. தண்ணி ஏற மாட்டேங்குது. அங்க சரிவாப் படுத்தா..."

பாண்டியம்மா எழுந்தாள். கையிலிருந்த குடையால் ரெக்சின் கோட்டின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். டப் என்று சத்தம் வந்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கூறுகெட்ட மனுசா! ஊருல செங்கல்லு இல்லையா? கட்டில் கால்மாட்டுக்கு ரெண்டு செங்கல்ல முட்டுக் குடுத்தா சரிவு வந்துட்டுப் போகுது! மல பூரா மட்டம் பாக்கத் தெரியுது, இது தெரியலையா ஒனக்கு?"

கொச்சி இன்ஜினியரைத் தலைகுனிய வைத்தவர், இரண்டு செங்கல்லுக்கு முன்னால் தானே தலைகுனிந்தார். செங்கல் அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் லயத்துக்கு வர முகம் இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி ஜீப்பின் பின்னால் போட்டாள்.

"ஏறு."

"எங்கிட்டு?"

"கம்பத்துக்கா கூட்டிப் போவேன் ஒன்னைய? அண்ணே, ஆஸ்பத்திரிக்கு விடு. பள்ளம் பாத்து மெதுவா ஓட்டு, தொட்டி இருக்கு."

மறுநாள் ஆபரேஷன். சம்மதபத்திரத்தை நான் வாசித்து விளக்க விளக்க, பாண்டியம்மா பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்ததுதான் டாக்டர்கள் செய்த ஒரே தவறு. வாய் மரக்கவில்லை. உள்ளே நடந்ததை நர்ஸ் வெளியே வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, "மெயின் லைன மொதல்ல பாத்துக்கங்கம்மா, அப்புறம் தண்ணிய இறக்குங்க", "ஜாயிண்டுல துண்டு எதையும் விட்டுறாதீங்க, அங்கதான் மறுபடி கசியும்" என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் உத்தரவு போயிருக்கிறது. "மிண்டாதே கிடக்கணும் சேட்டா" என்று மயக்க டாக்டர் மூன்று தடவை வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். கண்ணாடி டாக்டர் மட்டும், "அந்த மனுஷன் சொல்றது சரியாணு" என்று முணுமுணுத்தாராம்.

முழுப் பையும் மிச்சமில்லாமல் வந்தது. கிட்னிக் குழாய் விடுபட்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. வார்டுக்கு வந்ததும் மாமா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தன லிட்டரு?"

"ரெண்டரை இருக்கும்."

"என் கணக்குல மூணு வரணும்மா."

"அரை லிட்டர் தரையில சிந்தியாச்சு."

"அதச் சொல்லுங்க" என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

இரண்டு மாதம் கழித்து, கிட்னி வீக்கம் வற்றிவிட்டது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. அதை வாசித்துச் சொல்ல லயத்துக்குப் போனேன். மனுவும் சட்டைப்பையில் இருந்தது. மனுதாரரின் சம்மதமில்லாமல் ஒரு மனுவைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. மாமா தலைவாசலில் சாதாரண வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். காலை நேரம்தான், வயிறு தட்டையாக இருந்தது. ரெக்சின் கோட்டு கொடியில் காய்ந்தது. ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் மாப்ள டெலிவரி சரியாருக்கு" என்றார்.

உள்ளே கட்டிலைப் பார்த்தேன். கால்மாட்டில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"இப்ப எதுக்குக்கா செங்கல்லு? இனி மட்டமாப் படுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."

"அந்தாளுக்கு மட்டத்துல படுத்தா உறக்கம் வரலையாம். பழகிப்போச்சாம்."

"ஒங்களுக்குத் தலைக்கு ரத்தம் ஏறாதா?"

பாண்டியம்மா அடுப்பிலிருந்து டீயை இறக்கினாள். "நாலு வருசம் மட்டமாப் படுத்து நான் மட்டும் என்னத்த உறங்குனேன்?" என்றாள்.

மனுவை எடுத்து நீட்டினேன். பெயருக்கு விட்டிருந்த காலியிடம் அப்படியே இருந்தது. "இத என்ன செய்யட்டும்?"

"எதுக்காச்சும் ஆகுமான்னு பாரு" என்றாள்.

டீயைக் குடிக்கக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது அது ஆடியது. இடது பக்கத்துச் செங்கல் கொஞ்சம் தாழ்வு. மனுவை நாலாக மடித்து அதன் அடியில் சொருகினேன். ஆட்டம் நின்றது.